பல நிறுவனங்கள் சேர்ந்து இணைய வளங்களுக்குப் பொதுவான மெட்டாடேட்டா தரம் உருவாக்க, எங்கிருந்து தொடங்குவது?

நான்கைந்து நிறுவனங்கள் தங்களிடம் உள்ள கட்டுரைகள், படங்கள், ஒலிப்பதிவுகள், பாடங்கள் எல்லாவற்றையும் ஒரே தேடலில் கிடைக்கச் செய்யப் போகின்றன. இதற்கென்று சொந்தமாக ஒரு மெட்டாடேட்டா தரம் (ஒவ்வொரு வளத்தையும் பற்றிய விவரங்களை எப்படி எழுதுவது என்ற விதிமுறை) எழுத வேண்டுமா, அதில் எத்தனை புலங்கள், அதாவது விவரக் கட்டங்கள், வைக்கலாம், பதிவுகளுக்கான கோப்பு வடிவம் எக்ஸ்எம்எல்லா ஜேசனா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சொந்தமாகப் புலங்களை உருவாக்க வேண்டாம் என்பதுதான் என் பதில். தலைப்பு, ஆக்கியவர், தேதி, மொழி, உரிமை ஆகியவற்றுக்கெல்லாம் பெயர் வைத்து வரையறை எழுதி எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. நீங்கள் உட்கார்ந்து பேச வேண்டியது, அந்தப் புலங்களுக்குள் என்ன எழுதுவது என்பதைப் பற்றி. பலர் முதல் வேலையிலேயே மாதக்கணக்கில் மூழ்கிவிட்டு, இரண்டாவதை ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவிடுகிறார்கள். பல இடங்களிலிருந்து வரும் பட்டியல்களை ஒன்றாக்குவது என் வேலை என்பதால், அந்த ‘அப்புறம்’ கடைசியில் என் மேசைக்குத்தான் வந்து சேர்கிறது.

இப்படி முன்பே இருக்கும் தரங்களில் ஒன்றான டப்ளின் கோர் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1995 மார்ச்சில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள டப்ளின் என்ற ஊரில் நடந்த பட்டறையில் அது பிறந்தது (அயர்லாந்தின் தலைநகர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள்). நூலகர்கள், ஆவணக் காப்பாளர்கள், கணினிக்காரர்கள் என 52 பேர் கூடி 13 புலங்களுக்கு ஒப்புக்கொண்டார்கள். அடுத்த ஆண்டே அது 15 ஆனது. 2003-இல் ஐஎஸ்ஓ 15836 என்ற சர்வதேசத் தரமும் ஆயிற்று. எந்தப் புலமும் கட்டாயமில்லை, எதையும் எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம், வரிசை முக்கியமில்லை என்று அவர்கள் வைத்தது கெட்டிக்காரத்தனம். அந்த அளவுக்கு இளக்கம் கொடுத்திராவிட்டால் அத்தனை துறைக்காரர்களும் ஒத்துப்போயிருப்பார்களா என்பது சந்தேகம்தான். பின்னால் வரும் தலைவலிக்கும் அதே இளக்கம்தான் காரணம்.

தேதிப் புலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1932-இல் எடுத்த ஒரு புகைப்படம். அதை 2011-இல் ஸ்கேன் செய்கிறார்கள், 2019-இல் இணையத்தில் ஏற்றுகிறார்கள். இதில் தேதி எது? ஒரு நிறுவனம் 1932 என்று எழுதும், இன்னொன்று 2011 என்று எழுதும், மூன்றாவது நிறுவனத்தின் மென்பொருள் யாரையும் கேட்காமல் 2019 என்று போட்டுவிடும். டப்ளின் கோர்ப்படி பார்த்தால் எதையும் பிழை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் 1930-களின் படங்களைத் தேடுகிறவருக்கு மூன்றில் ஒன்றுதான் கிடைக்கும். எனக்கு ஒருமுறை வந்த ஒரு தொகுப்பில் எல்லாப் பதிவுகளுக்கும் ஒரே தேதி. அது அவர்கள் சர்வர் மாற்றிய நாள்.

ஆக்கியவர் புலத்திலும் இதே கதைதான். படம் எடுத்தவரா, ஸ்கேன் செய்த நிறுவனமா? டப்ளின் கோர் வட்டாரத்தில் ‘ஒன்றுக்கு ஒன்று’ என்று ஒரு கொள்கை உண்டு. அச்சுப் படம் ஒரு பொருள், அதன் டிஜிட்டல் கோப்பு வேறொரு பொருள். இரண்டுக்கும் தனித்தனிப் பதிவு போட்டு ஒன்றோடொன்று இணைக்க வேண்டும். குறை சொல்ல முடியாத கொள்கைதான். ஆனால் நான் பார்த்த பட்டியல்களில் அதைக் கடைப்பிடித்தவர்கள் அரிது, ஏனென்றால் தேடி வருகிறவருக்கு அது ஒரே படம். ஆகவே ஒரே பதிவிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். உருவாக்கிய தேதியையும் வெளியிட்ட தேதியையும் மட்டும் பிரித்து எழுதுங்கள். டப்ளின் கோரின் விரிவான சொற்றொகுதியில் இரண்டுக்கும் தனிப் புலங்கள் இருக்கின்றன. தேதியை ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில் மட்டும் எழுதுங்கள். 03/04/05 என்று எழுதியவருக்கே அது மார்ச்சா ஏப்ரலா என்பது மறந்திருக்கும். ‘சுமார் 1930’ என்று சொல்ல வேண்டியிருந்தால் அதற்கும் ஐஎஸ்ஓ 8601-இன் 2019 பதிப்பில் குறியீடு உண்டு.

இப்படி ஒவ்வொரு புலத்துக்கும் எந்தத் தரத்திலிருந்து எடுத்தது, கட்டாயமா இல்லையா, மதிப்பு எந்தப் பட்டியலிலிருந்து வர வேண்டும், சரியான எடுத்துக்காட்டு எது, தவறானது எது என்றெல்லாம் எழுதிவைக்கும் ஆவணத்தை அப்ளிகேஷன் புரொஃபைல் என்பார்கள். நீங்கள் உருவாக்க வேண்டியது அதைத்தான். புதிய தரம் அல்ல.

மதிப்புகளுக்கான பட்டியல்களிலும் பாதி வேலை முடிந்தே இருக்கிறது. வள வகைக்கு டப்ளின் கோரே 12 சொற்கள் தருகிறது. மொழிக்கு ஐஎஸ்ஓ 639 குறியீடுகள் உண்டு. இரண்டெழுத்தா மூன்றெழுத்தா என்று ஒன்றைத் தேர்ந்தால் போதும். உரிமைக்குப் பத்தி பத்தியாக எழுதாதீர்கள். பிறர் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் என்றால் அதன் இணைய முகவரியைப் போடுங்கள். பழைய பொருள்களுக்கு ரைட்ஸ் ஸ்டேட்மென்ட்ஸ் என்ற தளத்தில் உள்ள, பதிப்புரிமை நிலையைச் சொல்லும் 12 அறிக்கைகளில் பொருந்துவதைப் போடுங்கள். உண்மையில் கடினமானவை ஆட்பெயரும், வளம் எதைப் பற்றியது என்று சொல்லும் பொருள் தலைப்பும்தான். ஒரே எழுத்தாளர் ஐந்து விதமாக வருவார். அங்கே பெயரோடு வியாஃப் (நூலகங்களின் பெயர்ப் பட்டியல்) அல்லது ஆர்கிட் (ஆய்வாளர்களுக்கான அடையாள எண்) எண்ணையும் சேர்த்தால்தான் கணினி ஐவரையும் ஒருவரென்று அறியும். நேரமும் ஆளும் பணமும் இருந்தால் இங்கே செலவிடுங்கள்.

எத்தனை புலங்கள் என்பதற்கு, குறைவாக. கல்வி வளங்களுக்காக 2002-இல் ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பு வெளியிட்ட எல்ஓஎம் தரத்தைப் பாருங்கள்: 9 பிரிவுகள், 70-க்கும் மேற்பட்ட புலங்கள். அதில் ‘பொருளடர்த்தி’ (எவ்வளவு விஷயம் செறிவாக இருக்கிறது) என்று ஒன்று உண்டு. மிகக் குறைவு, குறைவு, நடுத்தரம், அதிகம், மிக அதிகம் என்ற ஐந்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு பாடத்தைப் பார்த்து இரண்டு ஆசிரியர்கள் இதில் ஒரே பதிலைத் தேர்வார்களா? யாரும் நிரப்பாத புலம்கூடப் பரவாயில்லை. ஆளுக்கொரு விதமாக நிரப்பிய புலம் தேடலையே கெடுத்துவிடும்.

ஆகவே முதல் கூட்டத்தில் வரையறை எழுத ஆரம்பிக்காதீர்கள். ஒவ்வொரு நிறுவனமும் தன் உண்மையான பதிவுகளில் கொஞ்சத்தைக் கொண்டுவரட்டும், அழுக்கோடு அப்படியே. பிறகு ஒரே பத்துப் பொருள்களை இரண்டு நிறுவனத்தார் ஒருவரையொருவர் பார்க்காமல் தனித்தனியாக விவரித்துப் பாருங்கள். எங்கே இருவரும் வேறுபடுகிறார்களோ அங்கேதான் விதி வேண்டும், மற்ற இடங்களில் ஒரு வரி போதும். அந்த நாள் கூட்டத்தில் குரல் உயரும், அது நல்லதுதான்.

நிரப்புகிறவருக்கு என்ன கிடைக்கும் என்பதையும் யோசியுங்கள். வலைப்பக்கங்களில் திறவுச்சொற்களுக்கென்று ஒரு மெட்டா குறி இருந்தது. ஆளாளுக்குப் பொய்ச் சொற்களை அடைத்து அதைப் பாழாக்கினார்கள். தேடல் வரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-இல் வெளிப்படையாகவே சொன்னது. மாறாக, 2011-இல் கூகுள், பிங், யாகூ சேர்ந்து தொடங்கிய ஸ்கீமா.ஆர்க் என்ற, வலைப்பக்க விவரங்களைக் குறியிடுவதற்கான சொற்றொகுதி வேகமாகப் பரவியது. குறியிட்டால் தேடல் முடிவில் தன் பக்கம் எடுப்பாகத் தெரியும் என்பதால் ஆட்கள் அதற்கு உழைத்தார்கள். உங்கள் பொதுத் தேடலிலும், நல்ல பதிவு தந்தவர்களின் வளங்கள் எவ்வளவு பேரால் பார்க்கப்பட்டன என்று மாதாமாதம் அவர்களுக்குக் காட்டுங்கள்.

யாராவது ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்பதைக் கடைசிப் பக்கத்தில் ஒப்புக்கு எழுதிவைக்காதீர்கள். புதிய வகைச் சொல் வேண்டுமென்றால் யாரிடம் கேட்பது, எத்தனை நாளில் பதில் வரும், பழைய பதிவுகளை யார் திருத்துவது என்பதற்கு ஒரு பொறுப்பாளர் இல்லாவிட்டால் ஒவ்வொரு நிறுவனமும் ‘இதர’ என்ற வகையில் எல்லாவற்றையும் கொட்ட ஆரம்பித்துவிடும்.

எக்ஸ்எம்எல்லா ஜேசனா என்பது இதெல்லாம் முடிந்தபின் ஒரு மதிய வேளையில் முடிவாகிவிடும். ஒவ்வொரு நிறுவனத்தின் சர்வரிலிருந்தும் பதிவுகளை ஓஏஐ-பிஎம்ஹெச் என்ற நெறிமுறை வழியாக அறுவடை செய்வதாக, அதாவது தானாகத் திரட்டுவதாக, இருந்தால் எக்ஸ்எம்எல்தான், வேறு வழியில்லை. அங்கே ஒரு விஷயம் கவனியுங்கள். அந்த நெறிமுறை கட்டாயமாகக் கேட்பது டப்ளின் கோரின் பழைய 15 புலங்கள் கொண்ட எளிய வடிவத்தை மட்டுமே. அது மட்டும் போதும் என்று விட்டால், நீங்கள் பாடுபட்டுப் பிரித்த தேதிகள் மறுபடியும் ஒரே தேதிப் புலத்தில் போய் விழும். உங்கள் முழு வடிவத்தையும் இரண்டாவது வடிவமாகச் சேர்த்துத் தர நெறிமுறையிலேயே இடமிருக்கிறது. மென்பொருள் செய்பவரிடம் அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.