பூஞ்சை நச்சு என்றால் என்ன? நனைந்த நெல்லில் ஏன் வருகிறது?

ஈரத் தானியத்தில் வளரும் சில பூஞ்சைகள் உண்டாக்கும் விஷம்தான் பூஞ்சை நச்சு. அதில் மோசமானது அஃப்ளாடாக்சின்.

டெல்டாவில் குறுவை அறுவடையும் ஐப்பசி மழையும் பல வருடம் ஒன்றாக வந்து நிற்கும். நனைந்த நெல்லைத் தார்ப்பாயால் மூடிப் போட்டால் குவியல் உள்ளே சூடேறும். கையை விட்டுப் பார்த்தாலே தெரியும். அந்தச் சூடும் ஈரமும் போதும், பூஞ்சை கிளம்பிவிடும். கொள்முதலுக்கு 17 சதவீத ஈரப்பதம் வரை வழக்கமான வரம்பு. ஆனால் மாதக்கணக்கில் வைக்க 14-க்கு மேல் இருக்கக் கூடாது: கடித்தால் ‘டக்’கென்று உடைய வேண்டும், நசுங்கக் கூடாது. மூட்டையைச் சுவரில் சாய்க்காமல் மரச்சட்டத்தின் மேல் அடுக்குங்கள்.

நெல்லுக்காவது உமி ஓரளவு கவசம். மக்காச்சோளமும் கடலைப் பிண்ணாக்கும்தான் அதிக ஆபத்து. மாடு தின்றால் பாலிலும் இறங்கும். நச்சு தாக்குவது கல்லீரலை. அதிகமாகப் போனால் மஞ்சள் காமாலை, உயிரிழப்பு (1974-இல் குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தால் நடந்தது). கொஞ்சம் கொஞ்சமாக வருடக்கணக்கில் போனால் கல்லீரல் புற்றுநோய். ஹெபடைடிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்று) உள்ளவர்களுக்கு ஆபத்து பல மடங்கு.

மீனை எடுத்த பிறகும் சட்டியில் வாடை நிற்பதுபோல, பூஞ்சையைத் துடைத்தாலும் நச்சு தங்கிவிடும். ‘வேகவைத்தால் போய்விடும்’ என்பார்கள். சாவது பூஞ்சைதான், கொதிநீரின் சூட்டுக்கு நச்சு அழியாது.