எக்செல் கேள்வி-பதில்: இந்த எண் எங்கிருந்து வருகிறது?

கே: மொத்தத் தொகைக்குள் எந்தெந்தச் செல்கள் போகின்றன என்று ஒவ்வொன்றாகக் கிளிக் செய்து தேடுகிறேன். சுருக்கு வழி உண்டா? (சுன்னாகம்)

ப: மவுஸை விடுங்கள். போர்முலா உள்ள செல்லில் நின்று கொன்ட்ரோலோடு இடப்பக்கச் சதுர அடைப்புக்குறியை அழுத்தினால் அந்தச் செல்கள் தெரிவாகும். ஷிஃப்டும் சேர்த்தால் அவற்றுக்கும் பின்னால் உள்ளவை வரும். வலப்பக்க அடைப்புக்குறி எதிர்த்திசை: நிற்கும் செல்லைப் பயன்படுத்தும் செல்கள் தெரிவாகும்.

கே: அந்த அடைப்புக்குறியை அழுத்தினால் சில வேளை வேறு ஷீற்றுக்குப் பாய்ந்துவிடுகிறது. திரும்புவது எப்படி? (நெல்லியடி)

ப: எஃப்5, என்ரர்.

கே: வற் (பெறுமதி சேர் வரி) வீதத்தை 18 ஆக்கினேன். சில நிரைகள் மாறவேயில்லை, அம்புக்குறி போட்டும் காரணம் தெரியவில்லை. (மானிப்பாய்)

ப: தெரியாதுதான். அந்த நிரைகளில் யாரோ 1.15 என்று போர்முலாவுக்குள்ளேயே தட்டி வைத்திருக்கிறார்கள். செல்லுக்கும் செல்லுக்கும் இடையிலான தொடர்பைத்தான் அம்புக்குறி காட்டும், உள்ளே புதைத்த எண்ணைக் காட்டாது. வற் 15இல் இருந்து 18 ஆனது 2024 ஜனவரியில்; இன்னும் பழைய வீதத்தில் பில் போகிறதென்றால் அது சின்ன விஷயமில்லை. எத்தனை முறை எழுதிவிட்டேன், மாறக்கூடிய எண்ணைப் போர்முலாவுக்குள் எழுதாதீர்கள் என்று! வீதத்துக்கு ஒரு தனிச் செல், போர்முலாவில் அதைக் குறிக்கும்போது எஃப்4 அழுத்தி டொலர் குறி, அவ்வளவுதான் வேலை. அப்புறம் அந்த வீதச் செல்லில் நின்று கொன்ட்ரோல், வலப்பக்க அடைப்புக்குறி: அதே ஷீற்றில் தெரிவாகாமல் நிற்கும் நிரைகள்தான் பிழையானவை. 1.15ஐத் தேடி மொத்தமாக மாற்றிவிடலாம் என்று நினைக்க வேண்டாம், 21.15 என்ற விலையும் சேர்ந்து மாறிவிடும். முதலில் கோப்பைப் பிரதி எடுங்கள்.

கே: நீண்ட போர்முலாவில் ஒரு துண்டின் விடையை மட்டும் பார்க்கலாமா? (கொக்குவில்)

ப: எஃப்2, துண்டைத் தெரிவு செய்து எஃப்9. பார்த்ததும் எஸ்கேப். என்ரர் அடித்தீர்களோ, அந்தத் துண்டு போய் வெறும் எண் குந்திவிடும், மானிப்பாய்க்காரரின் அதே நிலைதான்.

கே: எல்லாம் பிழையாக வருகிறது, உடனே பதில் தரவும். (ஊர் எழுதவில்லை)

ப: என்ன பிழை, எந்தப் போர்முலா, ஒன்றுமே எழுதாமல் எப்படிச் சொல்வது? ‘ரெஃப்’ என்று வந்தால் யாரோ நிரலையோ நிரையையோ அழித்திருக்கிறார்கள், கொன்ட்ரோல் இசட் அடியுங்கள். இனி அழிக்க முன் அந்தச் செல்லில் நின்று ஓல்ட், எம், டி என்று ஒவ்வொன்றாக அடித்துப் பாருங்கள், அதை நம்பியிருக்கும் செல்களுக்கு அம்புக்குறி வரும். சின்ன ஷீற் படத்தோடு கறுப்புப் புள்ளிக்கோடு வந்தால் வேறொரு ஷீற் அந்தச் செல்லை நம்பியிருக்கிறது. பிரதி எடுக்காமல் எதையும் அழிக்க வேண்டாம்.

கே: எக்செலுக்குப் பதிலாக லிப்ரே ஒபிஸ் பாவிக்கிறேன். அதில் அம்புக்குறி போடுவது எப்படி? (பருத்தித்துறை)

ப: உள்ளே வருபவற்றுக்கு ஷிஃப்ட் எஃப்9, வெளியே போகிறவற்றுக்கு ஷிஃப்ட் எஃப்5.