கேள்வி–பதில்: முதல் பேய்க்கதை

கேள்வி: ஐயா, என் முதல் சிறுகதையாக ஒரு பேய்க்கதை எழுதி, அதன் படியை இத்துடன் இணைத்திருக்கிறேன். கொல்லைக் கிணற்றில் விழுந்து இறந்த பெண் ஆவியாக வந்து பழிவாங்குவதுதான் கதை. படித்த வீட்டார் எல்லோரும், நடை நன்றாக இருக்கிறது, ஆனால் பயம் வரவில்லை என்கிறார்கள். குறை எங்கே இருக்கிறது? மேலும், கதைத் தொகுப்பு ஒன்றில் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லும் ஒருவர், 1,500 ரூபாயும், எல்லா உரிமைகளையும் எழுதிக்கொடுக்கும் கையொப்பமும் கேட்கிறார். கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, சிவகங்கை மாவட்டம்

பதில்: கதையை இரண்டு முறை படித்தேன். உங்கள் வீட்டார் சொன்னதை நான் முழுமையாக ஏற்கமாட்டேன். மூன்றாம் பக்கத்தில் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. பல ஆண்டுகளாக நீர் ஊறாத கிணறு, மேலே கம்பிவலை போட்டு மூடியாயிற்று, ராட்டினத்தில் பழைய கயிறு மட்டும் தொங்குகிறது. விடியற்காலையில் விளக்குமாறு எடுக்கக் கொல்லைக்கு வரும் அப்பத்தா, போகிற போக்கில் அந்தக் கயிற்றைப் பிடிக்கிறாள். பிடித்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, யாரிடமும் எதுவும் சொல்லாமல் உள்ளே போய்விடுகிறாள். கயிறு ஈரமாக இருந்தது என்று நீங்கள் எழுதவே இல்லை. முதல் கதையிலேயே இந்த அடக்கம் உங்களுக்குக் கைவந்திருப்பது எனக்குப் பெருமகிழ்ச்சி.

ஆனால் அடுத்த பக்கத்திலேயே அந்தப் பெண் தலைவிரிகோலமும் வெள்ளைச் சேலையும் ரத்தம் வழியும் வாயுமாக வந்து நின்று, தான் இறந்த காரணத்தை மூன்று பக்கங்களுக்கு விளக்கத் தொடங்கிவிடுகிறாள். திரையில் எத்தனையோ முறை பார்த்துப் பழகிய உருவம் என்பதால், அவளைக் கண்டதும் வாசகருக்கு இருந்த கலக்கம் தணிந்துவிடுகிறது. ஈரக்கயிறு அவர் மனத்தில் எழுப்பியிருந்த உருவத்தை நீங்களே அழித்துவிட்டீர்கள்.

ஆங்கில எழுத்தாளர் டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902இல் வெளியிட்ட ‘குரங்கின் பாதம்’ கதையில், மூன்று வேண்டுதல்களை நிறைவேற்றும் ஒரு குரங்கின் பாதம் வருகிறது. இயந்திரத்தில் சிக்கிச் சிதைந்து இறந்த மகன் உயிரோடு திரும்பி வரும்படி, தாயின் வற்புறுத்தலால் தந்தை அதனிடம் வேண்டிக்கொள்ள, நள்ளிரவில் கதவு தட்டப்படுகிறது. தாய் தாழ்ப்பாளைத் திறக்கப் போராடிக்கொண்டிருக்கும்போதே தந்தை தம் கடைசி வேண்டுதலைச் சொல்லிவிடுகிறார். கதவு திறந்தால் தெரு வெறுமையாகக் கிடக்கிறது. தட்டியவனை நாம் கடைசிவரை பார்ப்பதில்லை. நம் மொழியில் புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யை (1943) எடுத்துக்கொள்ளுங்கள். கதை நடப்பது ஒரு சாதாரணக் குடும்ப வீட்டில். இரவில் காரணம் தெரியாமல் எழும் துர்நாற்றமும் ஊதுவத்தி வாசனையுமே முதலில் நம்மைக் கலங்கடிக்கின்றன. வேலைக்கு வந்த பெண் யார் என்பதை அவர் அறுதியிட்டுச் சொல்வதே இல்லை.

ஆகவே ஆவி பேசும் பகுதியை முழுவதும் நீக்கிவிடுங்கள். அந்தப் பெண்ணுக்கு நடந்ததை வாசகர் அறிய வேண்டுமென்றால் அப்பத்தாவின் நடத்தையே போதும்: அவள் ஏன் அந்தப் பக்கத்து ஜன்னலைத் திறப்பதில்லை, பேத்தி கிணற்றைப் பற்றிக் கேட்கும்போது ஏன் பேச்சை மாற்றுகிறாள் என்பவற்றை ஆங்காங்கே ஒரு வரியாக வைத்தால், குற்றத்தில் அவளுக்கும் பங்கு உண்டோ என்ற ஐயம் வாசகருக்குத் தானாகவே எழும். பழிவாங்கும் காட்சியைவிட அந்த ஐயம் எத்தனையோ மடங்கு கொடியது. கயிற்றுக் காட்சியைக் கதையின் கடைசிக்குக் கொண்டுபோக முடியுமா என்றும் எழுதிப் பாருங்கள்.

இரண்டாவது கேள்விக்கு என் பதில், கொடுக்காதீர்கள் என்பதே. கதையைத் தேர்ந்தெடுத்து வெளியிடுகிறவர் எழுதியவருக்குச் சன்மானம் தர வேண்டுமேயன்றி, அவரிடமிருந்து பணம் வாங்கக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, கதையை எழுதிய கணத்திலேயே உரிமை உங்களுடையதாகிறது. பதிவு செய்வது கட்டாயமில்லை. அவ்வுரிமையைப் பிறருக்கு மாற்றுவதற்கு உங்கள் கையொப்பமிட்ட எழுத்து வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று அதில் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், எந்த நிலப்பரப்புக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் கொள்ளும். ஆனால் ‘நிரந்தரமாக’, ‘உலகம் முழுவதும்’ என்ற சொற்கள் தாளில் இருந்து நீங்கள் கையொப்பமிட்டுவிட்டால், பின்னாளில் உங்கள் சொந்தத் தொகுப்பில் இந்தக் கதையைச் சேர்ப்பதற்கே அவரிடம் அனுமதி கேட்க வேண்டிவரலாம்.

திருத்திய கதையை யூனிகோடில் தட்டச்சு செய்து, சொந்தக் கற்பனை, மொழிபெயர்ப்போ தழுவலோ அன்று, வேறெங்கும் வெளியாகவில்லை என்ற உறுதிமொழியுடன் ஏதேனும் ஓர் இதழுக்கு அனுப்புங்கள். அங்கிருந்து முடிவு தெரியும்வரை வேறோர் இதழுக்கு அனுப்ப வேண்டாம். அதற்கு முன்பே மின்னூலாக்கிவிடவும் வேண்டாம். ஏற்கெனவே வெளிவந்த கதையை இதழ்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை.