கார்டை அடகு வைக்க முடியுமா அண்ணாச்சி? (கேள்வி-பதில்)

வியாபாரம் படுத்துக் கிடக்கிற நேரம் என்பதாலோ என்னவோ, இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, விளையாட்டு வீரர்கள் படம் போட்டு வந்து ஆட்கள் சேர்த்து வைக்கிற கார்டுகள் பற்றியவை. ஆளுக்கொரு பெட்டியைக் கட்டிலடியில் இருந்து இழுத்திருக்கிறீர்கள். சுருக்கித்தான் போட்டிருக்கிறேன்.

கேள்வி: ஆறு மாதமாகக் கடையில் ஓட்டம் இல்லை. சின்ன வயதில் பிக் ஃபன் பபிள்கத்தில் சேர்த்த கிரிக்கெட் கார்டுகள் 140 இருக்கின்றன. இணையத்தில் இதே மாதிரி ஒரு கட்டுக்கு 40,000 ரூபாய் போட்டிருக்கிறார்கள். அந்த விலைக்குக் கொடுக்கலாமா? (பேட்டை)

போட்டிருக்கிறார்கள், சரி. யாராவது கொடுத்தார்களா? நெல்லையப்பர் கோயில் வாசலில் நின்று என் செருப்பு லட்ச ரூபாய் என்று நானும்தான் சொல்லலாம். கேட்கிற விலையை விலை என்று நம்புகிற இந்த வியாதியைப் பற்றி எத்தனை தடவை எழுதினாலும் ஆறமாட்டேன் என்கிறது. ஈபே மாதிரித் தளங்களில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டச் சொல்ல வழி இருக்கிறது, அதைப் பாருங்கள். அதில் ஒன்றுமே வரவில்லை என்றால் அதுதான் பதில்.

பணம் இறுகும்போது கார்டின் விலை குறைவதற்கு முன்னால் வாங்குகிற ஆள் காணாமல் போய்விடுகிறான். உங்கள் கார்டை வாங்கக்கூடியவர் யார்? அதே பபிள்கத்தை மென்ற, உங்கள் வயது ஆள். அவருக்கும் வீட்டுக்கடன், பிள்ளை ஃபீஸ். படத்தைப் பார்த்து ஒரு லைக் போட்டுவிட்டுப் போய்விடுவார். கழுத்துச் சங்கிலியைக் கொண்டுபோனால் டவுனில் எந்த அடகுக் கடையிலும் அரை மணி நேரத்தில் பணம். கார்டை நீட்டினால் "பையன் விளையாடுத அட்டையா?" என்று கேட்டுத் திருப்பித் தருவார்கள்.

பெரிய கார்டுக்கும் இதே கதைதான். கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டானின் 1986 கார்டு, ஃப்ளீர் கம்பெனி போட்டது, கார்டுகளுக்குத் தரம் போடுகிற பிஎஸ்ஏ நிறுவனத்தின் உச்ச மதிப்பெண்ணான 10 பெற்றது, 2021 ஜனவரியில் 7,38,000 டாலருக்குப் போனது. வட்டியும் விலைவாசியும் ஏறின அடுத்த ஆண்டில் சுமார் 2 லட்சம் டாலர். கார்டு அதேதான், ஒரு மூலைகூட மடங்கவில்லை. ஊரடங்கில் கையில் இருந்த சும்மா பணம்தான் தீர்ந்துபோனது.

கார்டில் போட்டிருந்த ரன்களை எண்ணிக் கூட்டி, கம்பெனிப் பரிசுக்காக நீங்கள் கொடுத்துவிடாமல் வைத்திருந்ததே அதிசயம். டெண்டுல்கர், லாரா கார்டுகளைத் தனியாக எடுத்து, மீதியிலிருந்து பத்தை மட்டும் விற்றுப் பாருங்கள். மொத்தக் கட்டையும் அவசரத்தில் தள்ள வேண்டாம்.

கேள்வி: கிரெடிட் கார்டில் தவணை போட்டு, சீல் பிரிக்காத ஒரு விளையாட்டுக் கார்டுப் பெட்டி வாங்கலாமா? (வள்ளியூர்)

கூடாது.

கேள்வி: மகள் காலேஜ் ஃபீஸுக்காக என் கார்டுகளை விற்க விளம்பரம் போட்டேன். வாங்குகிறேன் என்றவர் க்யூஆர் கோடு அனுப்பி, ஸ்கேன் செய்தால் பணம் வரும் என்றார். 18,000 ரூபாய் போய்விட்டது. வீட்டில் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. (அம்பாசமுத்திரம்)

கூச்சப்பட வேண்டியவன் அவன், நீங்கள் இல்லை. ஃபீஸ் கட்டுகிற தேதி நெருங்கும்போது யாருக்கும் கை பதறும், அதைத் தெரிந்துதான் வருகிறார்கள். இதைப் படித்தவுடன் இணைய மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்குக் கூப்பிடுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் கைமாறுவதற்குள் நிறுத்திவைக்க வழி உண்டு. பணம் பெறுவதற்கு யாருக்கும் பின் நம்பர் அடிக்கத் தேவையில்லை, பின் கேட்டாலே பணம் வெளியே போகிறது என்று அர்த்தம். வீட்டிலும் சொல்லிவிடுங்கள் அக்கா, தனியாக வைத்துக்கொண்டிருக்காதீர்கள்.

கேள்வி: இப்போது விலை இறங்கியிருக்கிறது. வாங்குவதற்கு இதுதான் நேரம் என்கிறார்கள். உண்மையா? (கல்லிடைக்குறிச்சி)

எதை வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நேற்று வந்த இளம் ஆட்டக்காரனின் கார்டு முதலில் விழும், எழுந்திருக்கும் என்று சொல்ல முடியாது. 1990 வாக்கில் அமெரிக்காவில் அச்சடித்துத் தள்ளிய பேஸ்பால் கார்டுகளில் பெரும்பாலானவை இன்னும் காசு பெறவில்லை. ஆனால் ஜோர்டான் கார்டு சரிந்த அதே 2022இல், ஆகஸ்டில், பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டிலின் 1952 கார்டு ஒன்று, டாப்ஸ் கம்பெனி போட்டது, 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அந்த உயரத்தில் வாங்குகிறவருக்குப் பலசரக்குச் சிட்டை ஏறினதெல்லாம் ஒரு பொருட்டா?

2021இல் நானும் ஒரு கூடைப்பந்துக் கார்டுப் பெட்டியை 22,000 கொடுத்து வாங்கினேன். அதன் மேல் சுங்க வரி. இரண்டு வருடம் பீரோவில் புடவைகளுக்கு நடுவே இருந்தது. விற்றபோது கையில் வந்தது 7,000, அதிலும் கூரியர் செலவு என் தலையில். என் மனைவி இன்றைக்கும் அந்தத் தட்டை "கூடைப்பந்து தட்டு" என்றுதான் சொல்கிறாள்.

உங்களுக்கு ஒரு பழைய கதை. 1933, அமெரிக்காவில் பொருளாதாரப் பெருமந்தம். கவுடி என்ற கம் கம்பெனி ஒரு சென்ட் பாக்கெட்டில் பேஸ்பால் கார்டு வைத்து விற்றது. 106ஆம் எண் கார்டை மட்டும் விடவே இல்லை, பையன்கள் அதைத் தேடி வாங்கிக்கொண்டே இருக்கட்டும் என்று. கடிதம் எழுதிக் கேட்டவர்களுக்கு 1934இல் நாப் லாஜோய் என்ற பழைய ஆட்டக்காரரின் படத்தோடு அதை அச்சடித்துத் தபாலில் அனுப்பினார்கள். இன்றைக்கு அந்த வரிசையிலேயே அரிதானது அதுதான். புகார் எழுதினவனுக்குத்தான் கார்டு, கவனித்தீர்களா?

கேள்வி: கையெழுத்துப் போட்ட கிரிக்கெட் கார்டு என்று 30,000 ரூபாய் அனுப்பினேன். முன்பக்கப் படம் மட்டும் காட்டினார். "அவசரமாகப் பணம் வேண்டும், பாதி விலை" என்றார். வந்தது அச்சடித்த கையெழுத்து. பில் இல்லை. (தென்காசி)

பின்பக்கம் கேட்கவில்லை, பில் கேட்கவில்லை, பாதி விலைக்கு ஏன் என்றும் கேட்கவில்லை. என்னிடம் மட்டும் மூன்று பக்கம் கேட்கிறீர்கள்.

சரி. அவர் தொழிலாக விற்கிறவர் என்றால் நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிட்டுப் புகார் சொல்லுங்கள். சரிவரவில்லையென்றால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், நீங்கள் குடியிருக்கிற ஊரிலேயே போடலாம். சொந்தக் கார்டை விற்ற தனிஆள் என்றால் அங்கே நிற்காது, போலீஸ்தான். வாட்ஸ்அப் பேச்சை அழித்துவிடாதீர்கள்.

கேள்வி: 2023 டிசம்பர் வெள்ளத்தில் கார்டுகள் நனைந்து நெளிந்துவிட்டன. இஸ்திரி போட்டால் நேராகுமா? (வண்ணார்பேட்டை)

போட்டுவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். விற்றால் வெள்ளத்தில் நனைந்தது என்று சொல்லி விற்கவும்.

கேள்வி: அம்மா என் ஆல்பத்தைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டார். நேற்றுதான் தெரிந்தது. (மேலப்பாளையம்)

எந்தக் கடை என்று கேட்டு இன்றைக்கே போங்கள். லாரி வருகிற வரை மூட்டை பிரிக்காமல்தான் கிடக்கும். நூறு ரூபாய் கேட்டால் கொடுத்துவிடுங்கள், பேரம் பேசினால் அவரும் ஆல்பத்தைப் புரட்டிப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.