குடும்ப வன்முறை மனு: நீதிமன்றத்தில் என்ன நடக்கும்?

பெண்களைக் குடும்ப வன்முறையிலிருந்து பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தைப் பற்றி வந்த கேள்விகளுக்கு, இத்தகைய மனுக்களை நடத்திவரும் வழக்கறிஞர் ஒருவரின் பதில்கள்.

கேள்வி: மேடம், கேஸ் போட்டால் கணவரை ஜெயிலில் போட்டுவிடுவார்களா? எனக்கு அடி நின்றால் போதும்.

இந்தப் பயத்திலேயே பல பெண்கள் வருடக்கணக்கில் பொறுத்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு வழிகள் இருக்கின்றன அம்மா. காவல் நிலையத்தில் கொடுமைப் புகார் கொடுப்பது குற்ற வழக்கு. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவு என்றார்கள். 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 85-ஆவது பிரிவு. மாஜிஸ்திரேட்டிடம் 2005 சட்டத்தின் 12-ஆவது பிரிவில் போடும் மனு வேறு. அதில் அவர் எதிர்மனுதாரர்தான், குற்றம் சாட்டப்பட்டவர் அல்ல. அடிக்கக் கூடாது, வேலை இடத்துக்கு வந்து தொல்லை தரக் கூடாது என்று பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். அந்த உத்தரவை மீறினால்தான் அது குற்றமாகும்: ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

கேள்வி: எத்தனை வாய்தாவில் முடியும்?

மனு கிடைத்த 3 நாளுக்குள் முதல் விசாரணை, அதிலிருந்து 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் நோட்டீஸ் சேரவில்லை, பதில் மனுவுக்கு அவகாசம் வேண்டும் என்று இழுத்துக்கொண்டே போகும். அதனால் என்னிடம் வருகிற எல்லோரிடமும் முதலில் சொல்வது இதுதான்: இறுதித் தீர்ப்புக்காகக் காத்திருக்காதீர்கள், மனுவோடு சேர்த்தே 23-ஆவது பிரிவில் இடைக்கால உத்தரவு கேளுங்கள். ஆபத்து இருப்பது உங்கள் பிரமாணப் பத்திரத்தில், அதாவது உண்மை என்று உறுதியளித்து நீங்கள் தரும் எழுத்து வாக்குமூலத்தில், தெரிந்தால், எதிர்த் தரப்பு வருவதற்கு முன்பே மாஜிஸ்திரேட் உத்தரவு போடலாம்.

ஆனால் "தினமும் கொடுமைப்படுத்தினார்" என்று பொதுவாக எழுதினால் அது நிற்காது. எந்த நாள், எந்த நேரம், கையாலா பெல்ட்டாலா, குழந்தை பார்த்ததா, அன்று இரவு யாருக்கு போன் செய்தீர்கள் என்று எழுதுங்கள். கடைசியாக நடந்ததையும் மிக மோசமாக நடந்ததையும் முன்னால் வையுங்கள். மாதச் செலவுக்குப் பணமும் இதிலேயே கேட்கலாம். ஜீவனாம்சத்தை மனு போட்ட தேதியிலிருந்து கணக்கிட வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

கேள்வி: அக்காவுக்கு நடந்ததெல்லாம் நாலு சுவருக்குள். சாட்சியே இல்லையே?

தம்பி, அக்காவின் வாக்குமூலமே சாட்சியம்தான். குறுக்கு விசாரணையில் அது ஆட்டம் காணாமல் இருக்கத் துணை ஆதாரம் தேடுங்கள். அரசு மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் நகல், புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தந்த சி.எஸ்.ஆர். ரசீது, வாட்ஸ்அப் செய்திகள் எல்லாம் உதவும். போனை மாற்றினால், அந்தச் செய்திகள் இருக்கும் பழையதை விற்றுவிடாதீர்கள்.

கேள்வி: வீடு மாமியார் பெயரில் இருக்கிறது. "வெளியே போ" என்கிறார்கள்.

அந்த வீட்டில்தான் குடும்பமாக நிலையாக வாழ்ந்தீர்கள் என்றால், யார் பெயரில் இருந்தாலும் சட்டப்படியான நடவடிக்கை இல்லாமல் உங்களை வெளியேற்ற முடியாது. கணவரின் உறவினருக்குச் சொந்தமான வீடும் 'பகிர்ந்த இல்லம்', அதாவது இந்தச் சட்டப்படி நீங்கள் தங்கும் உரிமை கேட்கக்கூடிய வீடு, ஆகலாம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் வீட்டில் பங்கு வந்துவிடாது, தங்கும் உரிமை மட்டும்தான்.

கேள்வி: எனக்கு 62 வயது. அடிப்பது என் மகன். நான் மனு போடலாமா?

தாராளமாகப் போடலாம் அம்மா. இந்தச் சட்டம் மனைவிக்கு மட்டுமானது அல்ல. மகனை வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லியும் உத்தரவு கேட்கலாம். மருமகளும் தொல்லை தந்தால் அவரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கலாம், ஆனால் பெண்ணை வெளியேறச் சொல்லும் உத்தரவை இந்தச் சட்டத்தில் போட முடியாது.

கேள்வி: அம்மா வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. தாமதமாகிவிட்டதா? திரும்ப அந்த ஊருக்குப் போய்த்தான் கேஸ் போட வேண்டுமா? அவரைப் பார்த்தாலே கை நடுங்குகிறது.

தாமதமாகவில்லை. சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் வர வேண்டும் என்ற குற்ற வழக்குக் காலக்கெடு 12-ஆவது பிரிவு மனுவுக்குப் பொருந்தாது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. இப்போது தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம். விசாரணையை மூடிய அறையில் நடத்தும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வக்கீல் வைக்கப் பணம் இல்லையென்றால், நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவசமாக வக்கீல் நியமிப்பார்கள். முதல் வாய்தாவுக்குத் தனியாக வராதீர்கள், அம்மாவையோ தோழியையோ கூட்டிக்கொண்டு வாருங்கள்.