விந்து தானம் வாங்கி பிள்ளை பெத்தா உங்க ஊர்ல எப்படி பாப்பாங்க?

ஊருக்கு தெரிஞ்சாத்தானே பாப்பாவ. நாகர்கோவில் பக்கம் எங்க ஊரு, 2023ல எங்களுக்கு டோனர் மூலமா ஒரு பெண் பிள்ள பொறந்துச்சு, விஷயம் ஆஸ்பத்திரிய விட்டா எனக்கும் வீட்டுக்காரிக்கும் மட்டும்தான் தெரியும், அதான் பேரு போடாம எழுதுறேன்.

கல்யாணம் 2015ல. ஆறு மாசம் கழிஞ்சதும் "விசேஷம் ஒண்ணும் இல்லியா மக்ளே"ன்னு கேக்க ஆரம்பிச்சிட்டாவ, எல்லாம் அவகிட்டத்தான், எங்கிட்ட ஒருத்தரும் கேட்டதில்ல. எனக்க அம்மை ஆவணி ஞாயிறு ஒண்ணு விடாம அவள நாகராஜா கோயிலுக்கு கூட்டிட்டு போயி நாகருக்கு பால் ஊத்த வச்சா. பொறவு ஸ்கேன், தைராய்டு, டியூப்ல அடைப்பு இருக்கான்னு மருந்து ஏத்தி எக்ஸ்ரே, அத எடுத்துட்டு வெளிய வந்தவ பெஞ்சுலயே சுருண்டு படுத்துட்டா. எனக்கு ஒரு டப்பால புடிச்சு குடுக்குற டெஸ்ட்தான், அத நாலு வருசம் "எனக்கென்ன குறை"ன்னு தள்ளிப் போட்டேன்.

கடைசில திருவனந்தபுரத்துல ஒரு டாக்டரம்மா, ஒனக்க ரிப்போர்ட் இல்லாம அடுத்த பேச்சே இல்லன்னுட்டாங்க. பாத்தா அசூஸ்பெர்மியா, விந்துல ஒரு உயிரணு கூட இல்ல. சிலருக்கு விரையிலேர்ந்து ஊசி வச்சு உயிரணுவ எடுத்து, அத முட்டைக்குள்ள செலுத்துற இக்ஸி பண்ணலாமாம், எனக்கு அதுலயும் ஒண்ணும் கிடைக்கல.

டோனர் பேச்சு எடுத்ததே வீட்டுக்காரிதான். நான் ரெண்டு நாளு சரியா சாப்பிடல, அது வேற கதை. யாரு எவருன்னு பயப்படுறவங்களுக்கு சொல்லுறேன், 2021ல ஏஆர்டி சட்டம், அதாவது செயற்கை கருத்தரிப்புக்கான சட்டம் வந்தாச்சு, 2022 ஜனவரிலேர்ந்து அமல். டோனருக்கு 21லேர்ந்து 55 வயசுக்குள்ள இருக்கணும், எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ் எல்லாம் டெஸ்ட் பண்ணணும், ஒரு ஆளோடத ஒரு தம்பதிக்கு மேல குடுக்கப்பிடாது. பிள்ள மேல அவருக்கு ஒரு உரிமையும் கிடையாது, சட்டப்படி அது எங்க சொந்த பிள்ளதான். கவுன்சிலிங்ல எனக்க பிளட் குரூப், நிறம், உயரம் எல்லாம் எழுதி எடுத்தாவ, ரெண்டு பேரும் கையெழுத்து போட்டோம், எனக்க கையெழுத்து எனக்கே கோணலா தெரிஞ்சுது.

பிள்ள பொறந்ததும் அம்மை "அப்பனுக்க மூக்கு அப்படியே"ன்னா, அது கூட எனக்கு ஒண்ணும் பண்ணல. வேற ஒண்ணுதான் இப்பவும் குத்துது. போன மாசம் சொந்தத்துல ஒரு கல்யாணம், பந்தில நான் போளிய பிச்சு பால் பாயாசத்துல போட்டு பிசைஞ்சிட்டு இருக்கேன், எதிர்ல பிள்ள இல்லாத ஒரு பொண்ணுட்ட அம்மை சொல்லுறா, "எனக்க மருமகட்ட கேளு மக்ளே, அவளுக்கும் ஒன்னப்போல கோளாறுதான், எந்த டாக்டருன்னு சொல்லுவா."

வீட்டுக்காரி என்ன பாக்கவே இல்ல. அந்த பொண்ணுட்ட நம்பர் குடுத்தா, "மொதல்ல ஒனக்க வீட்டுக்காரர டெஸ்ட் எடுக்க சொல்லு"ன்னு மெதுவா சொன்னா. நான் இலைய மூடிட்டு எழும்பிட்டேன்.