கண்ணில் படாத ஆறு

கேள்வி: பதினோரு ஆண்டுகளாகக் கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்தில் வேலைக்குச் சென்று வருகிறேன். தை மாதம் வீடு கட்டத் தொடங்கியதிலிருந்து, ஆல்பேட்டை தாண்டினால் வழியெங்கும் கிரில் கதவுகளும் மாடிக் கைப்பிடிச் சுவர்களும்தான் கண்ணில் படுகின்றன. “பெண்ணையாற்றில் தண்ணீர் வந்துவிட்டதா?” என்று மனைவி கேட்டபோது, அன்று இரண்டு முறை பாலத்தைக் கடந்திருந்தும் பதில் சொல்லத் தெரியவில்லை. இது மறதி நோயா?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் மறதி என்று தோன்றவில்லை. ஒன்றை மறப்பதற்கு முதலில் அது மனத்தில் பதிந்திருக்க வேண்டும். உங்களுக்கு ஆறு பதியவே இல்லை. சோவியத் ஆய்வாளர் யார்பஸ், ரஷ்ய ஓவியர் ரெபின் ஒரு குடும்பத்தை வரைந்த ஓவியத்தைக் காட்டி, பார்ப்பவரின் விழி எங்கெங்கு நிற்கிறது என்று பதிவு செய்தார். படத்தில் உள்ளவர்களின் வயது என்ன என்று கேட்டபோது விழிகள் முகங்களிலேயே நின்றன. அக்குடும்பத்தின் வசதி எப்படி என்று கேட்டதும், அதே விழிகள் உடைகளையும் மேசை நாற்காலிகளையும் மேயத் தொடங்கின. உங்களுக்குள் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கேள்வி கதவைப் பற்றியது. உங்கள் வழியிலுள்ள கன்னியக்கோயில் வீடுகளின் கதவுகள் நேற்று முளைத்தவை அல்ல. (வேண்டியதைப் பிரபஞ்சமே கண்முன் கொண்டுவந்து நிறுத்துகிறது என்று சொல்பவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.)

நோக்கம் ஒன்றைக் காட்டும்போது மற்றொன்றை மறைத்தும் விடுகிறது. 2013இல் வெளியான ஓர் ஆய்வில், நுரையீரல் ஸ்கேன் படங்களில் சிறு கட்டிகளைத் தேடிய 24 கதிரியக்க மருத்துவர்களில் 20 பேர், அப்படங்களில் வேண்டுமென்றே செருகப்பட்டிருந்த, கட்டியைப்போல் 48 மடங்கு பெரிய கொரில்லா உருவத்தைக் கவனிக்கவில்லை. அவர்களில் பெரும்பாலோரின் விழி அதன்மீதே பதிந்திருந்தது என்பதுதான் வியப்பு. தேர்ந்த கண்ணுக்கே இப்படியென்றால், சிமெண்ட் விலையை நினைத்தபடி ஜன்னலோரம் அமர்ந்திருப்பவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் மகளுக்கு வரன் பார்த்த ஆண்டில், அரியாங்குப்பம் நிறுத்தத்தில் ஏறிய இளைஞர்களையெல்லாம் நான் அளவெடுத்துக் கொண்டிருந்தேன். பேருந்துக் கட்டணம் உயர்ந்ததைக்கூட நடத்துநர் சொல்லித்தான் அறிந்தேன்.

கொடுத்த பணத்தையோ தெரிந்த வழியையோ மறக்கத் தொடங்கினால் மருத்துவரைப் பாருங்கள். மற்றபடி, தண்ணீர் வந்ததா என்று உங்கள் மனைவி காலையில் நீங்கள் கிளம்பும்போதே கேட்டுவிட்டால், பாலம் வருவதற்கு முன்பே உங்கள் தலை தானாகத் திரும்பும்.